போய்ச் சேர்ந்தானா?

அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது கடைசிக் காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. 2008 தீபாவளிக்கு மன்னார்குடி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வருஷத்து மின்வெட்டு ஞாபகம் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. கரண்ட் இருக்கும்போதே தண்ணீர் ஏற்றி, மாவு அரைத்து, செல்போனுக்குச் சார்ஜ் போட்டு, மிச்ச நேரம் இருந்தால் டிவி. நண்பனிடம் இரவல் வாங்கிய டிவிடி ஒன்று என் பையில் இருந்தது. ‘மிஸ்டர் பீன்ஸ் ஹாலிடே’. முந்தின வருஷம், 2007 மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் வெளிவந்த படம்.

அப்பாவுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு எந்த எண்ணமும் இல்லை. அவருடைய சாய்வு நாற்காலி டிவிக்கு நேர் எதிரே கிடந்தது, அவ்வளவுதான். முப்பது வருஷம் ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். இங்கிலீஷ் படம் என்றால் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

“தமிழ்ல பேசுவானா?” என்றார்.

“எதுலயுமே பேச மாட்டான்பா.”

பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது.

படத்தின் தொடக்கத்தில் லண்டனில் மழை. ஒரு சர்ச் கூடத்தில் பரிசுச் சீட்டுக் குலுக்கல். முதல் பரிசு, ரயிலில் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் கேன்ஸுக்கு ஒரு சுற்றுலா, ஒரு வீடியோ கேமரா, கைச்செலவுக்கு 200 யூரோ. பீன் கையில் இருக்கிற சீட்டில் 616 என்று இருக்கிறது. பாதிரியார் 919 என்று அறிவிக்கிறார். பீன் முகம் தொங்கிப்போகிறது.

“தலைகீழா புடிச்சிருக்கான்” என்றார் அப்பா.

எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது, பீனுக்கு அதற்கும் பிறகு. முப்பது வருஷம் எண்களோடு குடும்பம் நடத்தியவரிடம் அந்த வேடிக்கை பலிக்கவில்லை. ஆனால் தான் முதலில் கண்டுபிடித்துவிட்டோம் என்பதில் அவருக்கு ஒரு குஷி. பேப்பரை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நகைச்சுவையில் இது பழைய தந்திரம். பார்க்கிறவனைப் பாத்திரத்தைவிட அரை விநாடி புத்திசாலி ஆக்கிவிட வேண்டும். அப்புறம் அவன் எழுந்து போக மாட்டான்.

மிஸ்டர் பீனை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பச்சை மினி கார், பழுப்புக் கோட்டு, டெடி பொம்மை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கழுத்துப்பட்டை கட்டி வந்த ஒரே வாத்தியாருக்கு அதுதான் பட்டப்பெயர், பாவம். 1990 புத்தாண்டு அன்று இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் முதல் பகுதி வந்தது. ஐந்தாறு வருஷத்தில் எடுத்தது மொத்தமே 15 பகுதிகள்தான். இதைப் படித்தபோது நான் நம்பவில்லை. எத்தனை விடுமுறை மதியங்கள் ஓடியது அந்த நிகழ்ச்சி! திரும்பத் திரும்பப் பார்த்த பதினைந்துதான் நம் நினைவில் ஐம்பதாகப் பெருகிவிட்டது போல.

அந்த ஆளாக நடிக்கும் ரோவன் அட்கின்சன் மின்பொறியியல் படித்தவர். மேல்படிப்பு ஆக்ஸ்ஃபோர்டில். இளவயதிலிருந்தே பேச்சில் திக்கல் உண்டு, இன்னொரு பாத்திரமாக மாறிப் பேசும்போது அது காணாமல் போய்விடுகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். திக்கல் இருக்கிற ஒருவர் ஏறக்குறைய பேசவே பேசாத ஒரு மனிதனை உருவாக்கி உலகம் முழுக்க அனுப்பினார் என்று எழுதினால் கதை அழகாக அமைந்துவிடும். ஆனால் அதே அட்கின்சன் மேடையில் வார்த்தைகளைக் கத்தி மாதிரி வீசவும் கூடியவர். அதனால் அந்த அழகான கதையை நான் எழுதவில்லை.

சரி, படத்துக்கு வருவோம்.

லண்டனிலிருந்து வரும் யூரோஸ்டார் ரயில் பாரிஸில் வந்து நிற்பது வடக்கு ரயில் நிலையத்தில். கேன்ஸுக்கு ரயில் கிளம்புவது ஊரின் இன்னொரு பக்கத்தில், லியோன் ஸ்டேஷனில். பாதாள ரயிலில் போனால் இரண்டே நிறுத்தம். பீன் போக மாட்டாரே. டாக்ஸி குழப்பத்தில் நேர் எதிர்த் திசையில், ஊரின் மேற்கு எல்லையில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் லா தேஃபான்ஸில் போய் இறங்குகிறார். அங்கிருந்து லியோன் ஸ்டேஷன் நேர்கோட்டில் பத்து கிலோமீட்டருக்கு மேல். பீனுக்குக் கிடைத்த உதவி அந்த நேர்கோடு மட்டும்தான். கையில் ஒரு திசைகாட்டி. கண்ணை அதன் முள்ளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கிறார். தெரு எங்கே வளைகிறது, முன்னால் கட்டடம் இருக்கிறதா, யாராவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா, எதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முள் காட்டுகிற பக்கம் கால் போகிறது.

அப்பா அப்போதுதான் முதல் முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, “இவனுக்குக் கொஞ்சங்கூட வெக்கமே இல்லடா” என்றார்.

அன்றைக்கு அது எனக்கு ஒரு சாதாரண வசவாகத்தான் கேட்டது.

ஒருவழியாக ஸ்டேஷன் வந்து சேர்கிறார். ரயிலுக்கு நேரம் இருக்கிறது, பசிக்கிறது. மாடிப்படி ஏறி அங்கே இருக்கும் ‘லு த்ரேன் ப்ளூ’ உணவகத்துக்குள் போகிறார். அது நிஜமான இடம். 1901-ல் திறந்த ரயில்வே உணவகம். கூரையிலும் சுவரிலும் 41 ஓவியங்கள். அந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ரயில் எந்தெந்த ஊர்களுக்குப் போகுமோ அந்த ஊர்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஜங்ஷனில் இட்லி சாப்பிட உட்கார்ந்தால் தலைக்கு மேலே ராமேஸ்வரமும் கன்னியாகுமரியும் தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள் தொங்குவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைமைப் பணியாளராக வருபவர் ழான் ரோஷ்ஃபோர். பிரெஞ்சு சினிமாவின் மிகப்பெரிய நடிகர்களில் ஒருவர், 2017-ல் காலமானார். மெனு அட்டையை நீட்டுகிறார். பீனுக்கு அந்த நாட்டில் தெரிந்தது மூன்றே சொற்கள்: ஆமாம் என்பதற்கு ‘வி’, இல்லை என்பதற்கு ‘நோ(ன்)’, நன்றி என்பதற்கு ‘கிராசியாஸ்’. மூன்றாவது ஸ்பானிய மொழி. அது அவருக்குத் தெரியாது.

கடல் உணவுத் தட்டு வருகிறது. பிரெஞ்சில் அதற்குப் பெயர் ‘கடலின் பழங்கள்’. ஐஸ் மேல் பரப்பி வைத்த சிப்பிகள், மீசை நீண்ட முழு இறால்கள். பீன் ஒரு இறாலை எடுக்கிறார். பெரியவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓட்டை உரிக்க வேண்டும், தலையைக் கிள்ள வேண்டும் என்பதெல்லாம் பீனுக்கு யார் சொன்னார்கள்? அப்படியே வாயில் வைத்து மெல்லுகிறார். ஓடு நொறுங்குகிற சத்தம். நிறுத்த முடியாது, ஏனென்றால் பெரியவர் நகரவில்லை. முகத்தில் ஒரு ரசனையை வரவழைத்துக்கொண்டு தலையையும் உள்ளே தள்ளுகிறார். ரோஷ்ஃபோர் முகத்தில் ஒரு தசைகூட அசைவதில்லை. இதை இரண்டாம் முறை பார்க்கும்போது பீனை விட்டுவிட்டு ரோஷ்ஃபோரை மட்டும் பாருங்கள். வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளர்களைப் பார்த்து இனி ஆச்சரியப்படுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்று நினைத்திருந்த ஒரு மனிதர், மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற முகம் அது.

அடுத்தது சிப்பி. பச்சையாக, வழவழவென்று. முகர்ந்து பார்க்கிறார். தொண்டையில் போட்டதுபோல் பாவனை காட்டிவிட்டுக் கைத்துணிக்குள் கவிழ்க்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. கைத்துணி நிறைந்ததும் பக்கத்து மேஜைப் பெண்மணியின் கைப்பை திறந்து கிடப்பது கண்ணில் படுகிறது. மொத்தமும் அதற்குள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பைக்குள் செல்போன் அடிக்கிறது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? பந்தியில் பிடிக்காத கூட்டு இலையில் விழுந்ததும் அதை அப்பளத்துக்கு அடியில் தள்ளி, பிறகு சோற்றால் மூடி, கடைசியில் இலையை அவசரமாக மடித்துவிட்டு எழுந்திருக்காதவர் நம்மில் யார்? சம்பந்தி வீட்டார் எதிரில் நின்றுகொண்டு “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க” என்று கேட்கும்போது நம் முகத்தில் வருவதும் அதே ரசனைதான். அட்கின்சன் பாரிஸில் செய்தது, அந்த மடித்த இலையை இன்னொருவர் பைக்குள் போட்டது மட்டுமே.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் வேலை விஷயமாக மூன்று வாரம் பிரான்ஸ் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லியோன் ஸ்டேஷனுக்குப் போய் அந்த உணவகத்தின் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். படத்தில் பார்த்த அதே வாசல். மேலே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று இரண்டு படி ஏறினேன். அப்புறம் என் சட்டையைப் பார்த்தேன். ஷூவைப் பார்த்தேன். உள்ளே போய் எங்கே உட்காருவது, யாராவது வந்து உட்கார வைப்பார்களா, காப்பி மட்டும் கேட்டால் என்ன நினைப்பார்கள்? இறங்கி வந்துவிட்டேன். ஸ்டேஷன் கடையில் ஒரு ரொட்டி வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அதோடு போகவில்லை. அப்போதெல்லாம் அங்கே காகித டிக்கெட்டை ரயிலில் ஏறும் முன் நடைமேடை ஓரத்தில் இருக்கும் ஒரு மஞ்சள் இயந்திரத்தில் சொருகி முத்திரை வாங்க வேண்டும். டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது. ஊர் மக்கள் வரிசையாகப் போய் அந்த இயந்திரத்தில் எதையோ சொருகுவதைப் பார்த்தேன். எதற்கென்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கலாம். கேட்கவில்லை. கூச்சம். ரயில் கிளம்பியதும் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். ‘வி’ என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் ‘வி’. மூன்றாவது ‘வி’க்குப் பிறகு அபராதச் சீட்டு கைக்கு வந்தது. வேண்டுமென்றேதான் முத்திரை குத்தவில்லையா என்று கேட்டிருப்பாரோ என்னவோ, மூன்று முறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். எதிர் இருக்கையில் இருந்த கிழவி என்னைப் பார்த்த பார்வையில் ரோஷ்ஃபோர் தெரிந்தார்.

அன்று இரவு ஓட்டல் அறையில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அப்பா சொன்னது திரும்ப வந்தது. இவனுக்கு வெக்கமே இல்லடா. வெளிநாட்டில் எனக்கு நேர்ந்த கஷ்டத்தில் பாதி மொழி தெரியாததால் வந்தது. மீதிப் பாதி, மொழி தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்பதால் வந்தது. பீனுக்கு முதல் பாதி மட்டுமே உண்டு. அவர் தொலைந்துபோகிறார், பட்டினி கிடக்கிறார், மாட்டிக்கொள்கிறார். ஆனால் ஒரு தடவைகூடக் கூனிக் குறுகுவதில்லை. இறால் தட்டின் முன்னால்கூட அவர் மறைக்கப் பார்ப்பது சிப்பியைத்தான். தன்னை அல்ல.

வழி தவறிய வெளியூர்க்காரனை வைத்து எடுத்த படங்கள் ஏராளம். பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் அந்த ஊர்க்காரர்கள் கோமாளிகளாக இருப்பார்கள். இன்னொன்றில் வந்தவன் அவமானப்பட்டு, பாடம் கற்று, திருந்தி ஊர் திரும்புவான். இந்தப் படம் இரண்டையும் செய்யவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அவரவர் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பீன் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. படம் முடியும்போதும் அதே மூன்று சொற்கள்தான்.

படத்தில் பீன் செய்கிற ஒரே உண்மையான குற்றம் ரயில் ஏறும்போது நடக்கிறது. தான் கம்பீரமாக ரயிலில் ஏறுவதை வீடியோ எடுக்கச் சொல்லி, நடைமேடையில் காப்பியோடு நிற்கும் ஒருவரிடம் கேமராவைக் கொடுக்கிறார். அவர் ரஷ்யாக்காரர், கேன்ஸ் திரைப்பட விழாவுக்கு நடுவராகப் போய்க்கொண்டிருப்பவர். எடுத்தது பீனுக்குப் பிடிக்கவில்லை, இன்னொரு முறை. அதுவும் சரியில்லை, மறுபடியும். கதவு மூடிக்கொள்கிறது. ரயிலுக்குள் பீனும் அந்த மனிதரின் மகன் ஸ்டெபானும். வெளியே அப்பா. பையன் முதல் காரியமாக பீனை ஓங்கி ஒரு அறை விடுகிறான்.

போன மாதம் என் மகளோடு மறுபடி பார்த்தேன். எட்டு வயது. அவளுக்கு பீன் என்றால் கார்ட்டூன் பீன்தான், மனிதராகப் பார்த்ததில் கொஞ்சம் ஏமாற்றம். 2008-ல் நானும் அப்பாவும் வெடித்துச் சிரித்த இந்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை. “அந்தப் பையனோட அப்பா பாவம்ல?” என்றாள். எனக்கும் இப்போது சிரிப்பு வரவில்லை. அடுத்த ரயிலில் துரத்தி வரும் அப்பா, இவர்கள் இறங்கி நிற்கும் ஸ்டேஷனைக் கடக்கும்போது ஜன்னலில் போன் நம்பர் எழுதிய அட்டையைக் காட்டுகிறார், அட்டையைப் பிடித்த விரல்கள் கடைசி இரண்டு எண்களை மறைத்துக்கொண்டிருக்கின்றன. முன்பு அந்த விரல்களைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற முகம் தெரிகிறது. எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பீன், கிளம்பும் அவசரத்தில் பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் அந்தப் போன் மேலேயே வைத்துவிட்டுப் போகிறார். என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கு மட்டும் நானும் சிரித்தேன்.

காசு இல்லை, டிக்கெட் இல்லை, ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். சந்தை கூடியிருக்கும் ஒரு ஊரில் இருவரும் நிற்கிறார்கள். இங்கேதான் இந்தப் படத்தில் நான் உயிரை விடுகிற காட்சி வருகிறது. பீன் ஒலிபெருக்கியில் ஓடும் ஒரு ஓபரா பாட்டுக்கு வாயசைத்து நடிக்கிறார். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி 1918-ல் அரங்கேற்றிய ஓபராவில் வரும் பாட்டு அது. ‘என் அருமை அப்பா’ என்று தொடங்கும். தான் காதலிக்கிறவனைக் கட்டிக்கொள்ள விடாவிட்டால் ஆற்றில் விழுந்துவிடுவேன் என்று ஒரு பெண் தன் அப்பாவிடம் கெஞ்சுகிறாள். உள்ளுக்குள் அது ஒரு செல்ல மிரட்டல், அழுகைப் பாட்டே அல்ல.

பீனுக்கு இத்தாலிய மொழியும் தெரியாது. அவர் காதுக்கு அந்த மெட்டு ஒரு தாயின் அழுகையாகக் கேட்டிருக்கிறது. தலையில் ஒரு துணியை முக்காடு போட்டுக்கொள்கிறார். ஸ்டெபான் செத்த பிள்ளையாகக் கிடக்கிறான். அந்த ரப்பர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. நம்ப மறுக்கிறது, கெஞ்சுகிறது, உடைகிறது. பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். சந்தைக்கு வந்தவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள். கோமாளித்தனம்தான், ஆனால் எந்த இடத்தில் சிரிப்பதை நிறுத்தினோம் என்று நமக்கே தெரிவதில்லை.

அன்றைக்கு அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டார். “யாருடா செத்தது?”

“யாரும் இல்ல. சும்மா நடிக்கிறான்” என்றேன்.

“ஒப்பாரி வைக்கிறான்டி, பேசாம பாரு” என்றார் அப்பா.

அம்மா நின்றபடியே கடைசிவரை பார்த்தார். பெரியம்மா இறந்தபோது விடிய விடிய ஒப்பாரி சொன்னவர் அவர். சொல் எதுவும் புரியாமலே எந்த இடத்தில் குரல் ஏறும், எந்த இடத்தில் கை விரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாட்டு முடிந்ததும் “பரவால்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மாவிடம் பரவாயில்லை என்பது பெரிய விருது. பாட்டின் உண்மையான அர்த்தத்தை நான் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் பீன் சொன்ன அர்த்தமே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதற்குப் பிறகு படம் கொஞ்சம் தொய்கிறது, ஒளிப்பானேன். சந்தையில் சம்பாதித்த காசில் வாங்கிய பஸ் டிக்கெட் காற்றில் பறந்து ஒரு கோழிக்காலில் ஒட்டிக்கொள்ள, பீன் சைக்கிளில் அந்தக் கோழியைத் துரத்துகிறார். கோழி ஒரு பண்ணைக்குள் நுழைய, அங்கே அதைப்போல நூற்றுக்கணக்கான கோழிகள். இதுவரை சரி. அப்புறம் விளம்பரப் படப்பிடிப்பு ஒன்றில் ஜெர்மன் சிப்பாய் வேஷத்தில் மாட்டிக்கொள்வது, செட் வெடித்துச் சிதறுவது எல்லாம் எப்போது முடியும் என்று பார்க்க வைக்கிறது. சத்தம் கூடும்போது இந்த மாதிரி நகைச்சுவையில் சிரிப்பு குறைந்துவிடுகிறது. ஒரு இறால், ஒரு முகம், அசையாமல் நிற்கும் ஒரு பெரியவர் போதும். வெடி எதற்கு?

இதைப் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ழாக் தாத்தி என்கிற மேதை 1953-லேயே ஒரு படத்தில் செய்துகாட்டிவிட்டார். கடற்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போகும் ஹூலோ என்கிற நெட்டை மனிதர், வாயில் குழாய்ப் புகைப்பான், எங்கே போனாலும் ஒரு சின்னக் கலவரம், பேச்சு மிகக் குறைவு. அட்கின்சன் தாத்தியிடம் தான் பட்ட கடனை மறைத்ததில்லை. அந்தப் படத்தின் பெயரிலும் ‘விடுமுறை’ உண்டு. தன் ஆளைப் பிரான்சின் கடற்கரைக்கே விடுமுறைக்கு அனுப்பியது ஒரு வணக்கம் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசிப் பகுதியில் படம் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. சபின் என்கிற நடிகை, தன்னுடைய மினி காரில் பீனைக் கேன்ஸுக்கு அழைத்துப் போகிறாள். டிவியில் பீனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். விழாவில் கார்சன் க்ளே என்கிற இயக்குநரின் படம். வில்லெம் டஃபோ அந்தப் பாத்திரத்தில். தயாரிப்பு கார்சன் க்ளே, இயக்கம் கார்சன் க்ளே, நடிப்பு கார்சன் க்ளே என்று தலைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. படம் அவருடைய சோகத்தைப் பற்றி அவரே பேசிக்கொண்டிருப்பது. அரங்கமே தூங்குகிறது. இந்த மாதிரிப் படத்துக்கு நான் நிஜமாகவே போயிருக்கிறேன், சென்னையில் ஒரு விழாவில், பக்கத்து இருக்கைக்காரர் குறட்டையோடு. சபின் நடித்த காட்சியை வெட்டி எறிந்திருக்கிறார்கள். பீன் மேலே போய் புரொஜெக்டரில் தன் கேமராவைச் சொருகுகிறார். வழி நெடுக எடுத்த வீடியோ திரையில் ஓடுகிறது. க்ளேயின் சோகக் குரல் அப்படியே தொடர்கிறது. அந்தக் குரலும் இந்தப் படமும் ஒன்றோடொன்று பொருந்திப்போக, தூங்கின அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

இதற்காக 2006 விழா நடக்கும்போதே கேன்ஸுக்குப் போய்ப் படம் பிடித்தார்கள். தன்னைக் கிண்டல் செய்ய வந்தவர்களை அந்த விழா அனுமதித்ததே பெரிய விஷயம். விமர்சகர்கள் பலருக்குப் படம் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டரைக் கோடி டாலரில் எடுத்தது, இருபது கோடிக்கு மேல் வசூலித்தது. மொழிமாற்றமே தேவைப்படாத சரக்கு, எங்கே இறக்கினாலும் விற்றது.

கைதட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்போது பீன் பின்பக்கக் கதவைத் திறக்கிறார். எதிரே கடல். அவர் வந்தது இதற்குத்தான். விழாவுக்கோ விருதுக்கோ இல்லை. நடக்க ஆரம்பிக்கிறார். கண் கடல் மேலேயே. பாரிஸில் திசைகாட்டி முள்ளைப் பார்த்து நடந்த அதே நடை. கட்டடத்தின் விளிம்பிலிருந்து கால் வைக்கிறார். அந்த விநாடி பார்த்து ஒரு வண்டியின் கூரை வந்து காலுக்கு அடியில் நிற்கிறது. அடுத்த அடிக்கு இன்னொன்று. பாரிஸில் குறுக்கே வந்ததெல்லாம் இங்கே படியாகிறது. பிரெஞ்சுப் பாடகர் ஷார்ல் த்ரெனேயின் பழைய பாட்டு, ‘கடல்’, பின்னணியில் எழும்புகிறது. மத்தியதரைக் கரையோரம் ரயிலில் போகும்போது 1943-ல் அவர் எழுதியது என்று சொல்வார்கள்.

கரண்ட் போனது இங்கேதான்.

பீன் ஒரு காலைத் தூக்கியிருந்தார். டிவி பொட்டென்று அணைந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் அந்த ஒருமித்த “அடச்சே”. நானும் அப்பாவும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒன்பதரைக்குச் சென்னை பஸ், டிவிடியை நண்பனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பென்சில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தட்டை வெளியே எடுக்கக்கூட முடியவில்லை, கரண்ட் இல்லாமல் அந்தப் பெட்டி வாயைத் திறக்காது. குண்டூசியால் நெம்பி எடுத்தேன்.

“போய்ச் சேர்ந்தானா?” என்றார் அப்பா இருட்டிலிருந்து.

“சேர்ந்திருப்பான்பா.”

“ம்.”

அப்புறம் நானும் மறந்தேன், அவரும் மறந்திருப்பார். போன மாதம் மகளோடு பார்க்கும்போது அந்தத் தூக்கிய கால் வந்ததும் என்னை அறியாமல் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டிருந்தது. பீன் இறங்கி நடந்து மணலில் கால் வைத்தார். ஸ்டெபான், அவன் அப்பா, சபின், கடுகடு க்ளே, எல்லாரும் கரையில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் ஒரு துணுக்கு இருந்தது. பீன் மணலில் காலாலேயே ‘முற்றும்’ என்று பிரெஞ்சில் எழுதுகிறார், கேமராவில் பேட்டரி தீர்ந்து படம் அணைகிறது.

என் மகள் கைதட்டிக்கொண்டிருந்தபோதே மன்னார்குடிக்குப் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். காது இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை, கத்த வேண்டியிருக்கிறது.

“அப்பா, அவன் போய்ச் சேர்ந்துட்டான்பா!”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரல் இறங்கி வந்தது.

“யாருடா? எப்ப?”

பின்னாலிருந்து அம்மா, “என்னங்க, யாரு, யாரு?” என்று கேட்டுக்கொண்டே வருவது எனக்குக் கேட்டது.